கலங்கரைக்காரிக்குக் கொடுத்த விலை

கணவர் வீட்டு உறவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. 'போன்ல சீட்டாடுற பொம்பள' என்பார்கள். முதல்முறை அது காதில் விழுந்தபோது அவமானமாக இருந்தது. இப்போது இல்லை. யாராவது ஜாடையாக ஆரம்பித்தால், "ஆமா, ஆடுறேன். வாங்க, ஒங்களுக்கும் சொல்லித் தாரேன்" என்கிறேன். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

அறந்தாங்கியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். கண் பரிசோதனை படித்தவள். வருகிறவர்களுக்குப் பவர் பார்ப்பது, ஃபிரேம் எடுத்துக் காட்டுவது, காதிலும் மூக்கிலும் உறுத்தாமல் வளைத்துக் கொடுப்பது என் வேலை. கணவர் கத்தாரில் ஏசி மெக்கானிக். மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நானும் மாமியாரும் மட்டும்.

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். அதனால் எங்கள் நிலைமை யாருக்கும் பெரிதாகத் தெரியாது. போன் இருக்கிறது, முகம் பார்த்துப் பேசலாம், அப்புறம் என்ன குறை என்பார்கள். குறை பேச்சில்தான் இருந்தது. வருஷக்கணக்காக ஒரே பேச்சு.

"சாப்டியா?"

"சாப்டேன். நீங்க?"

"ம். அம்மா?"

"படுத்துருக்காங்க."

"அப்பறம்?"

அந்த 'அப்பறம்' வந்தாலே எனக்குப் பயம். அதற்குமேல் இரண்டு பேரிடமும் ஒன்றும் இருக்காது. அவர் சீலிங்கைப் பார்ப்பார், நான் காலண்டரைப் பார்ப்பேன். ஒரு சண்டை போடக்கூட விஷயம் கிடைக்காது.

அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த கேரளத்துக்காரர் ஒருவர்தான் அந்த கார்டு விளையாட்டை இவருக்குக் காட்டியது. ஒருநாள் எனக்கு லிங்க் அனுப்பினார். "சும்மா இறக்கிப் பாரு, நல்லாருக்கு" என்றார். பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ரம்மிபோல் ஜோடி சேர்க்கிற சீட்டு இல்லை அது. ஒவ்வொரு கார்டிலும் ஓர் ஆளோ மிருகமோ இருக்கும். அதற்கென்று ஒரு வேலை இருக்கும். ஒன்று தாக்கும், ஒன்று தடுக்கும், ஒன்று இழந்ததை மீட்டுத் தரும். ஆளுக்கொரு கோட்டை. எதிராளியின் கோட்டையை முதலில் உடைப்பவருக்கு வெற்றி. நம் முறை வரும்போதெல்லாம் நம்மிடம் சக்தி ஒன்று கூடும். கார்டின் மூலையில் ஓர் எண் இருக்கும். அத்தனை சக்தி சேர்ந்தால்தான் அதைக் களத்தில் இறக்கலாம். ஆடி ஆடித் தங்கக் காசு சேர்த்து, விளையாட்டுக்கு உள்ளேயே இருக்கும் சந்தையில் கார்டுகளை வாங்கலாம், விற்கலாம். தங்கம் போதாதவர்கள் நிஜப் பணம் கொடுத்துத் தங்கம் வாங்கிக்கொள்ளலாம். பந்தயம் கிடையாது. எத்தனை ஜெயித்தாலும் ஒரு ரூபாய் வெளியே வராது.

அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம் வரும்போது இங்கே கடையில் கூட்டம் ஓய்ந்திருக்கும். அந்த நேரத்தில் ஆடுவோம். அவர் ஆட்டம் வேகம். எடுத்த எடுப்பில் சின்னச் சின்ன ஓநாய்களாக இறக்கிக் கடிக்க விடுவார். நான் சுவர் கட்டுவேன், காவலாளி வைப்பேன், காயம் ஆற்றுவேன். அவருக்குப் பொறுமை போய்விடும். "ஆடுறியா, இல்ல வீட்டுக்குப் பூட்டுப் போடுறியா?" என்று போன் போட்டுக் கத்துவார். "வாங்க, வந்து ஒடச்சுட்டுப் போங்க" என்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. எது தப்பான நகர்வு, எந்தக் கார்டு வெறும் பந்தா, எதை எப்போது விற்றிருக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் சண்டை போடுவோம். இடையில் மகளின் பரீட்சையும் வரும், அவர் முதுகுவலியும் வரும். முன்பெல்லாம் முதுகுவலியை அவர் சொன்னதே கிடையாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கார்டு சந்தைக்கு வந்தது. கையில் விளக்கோடு நிற்கும் ஒரு வயதான பெண். கலங்கரை விளக்கத்தைக் காப்பவள். ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. நான் கலங்கரைக்காரி என்று வைத்துக்கொண்டேன். அவள் களத்தில் நிற்கும்வரை, நம் முறை வரும் ஒவ்வொரு தடவையும் நாம் இழந்த கார்டுகளில் ஒன்று கைக்குத் திரும்பி வரும். இறக்குவதற்கு ஏழு சக்தி. சந்தை விலையும் அதிகம். நான் சேர்த்து வைத்திருந்த தங்கம் முழுவதையும் போட்டாலும் கொஞ்சம் துண்டு விழுந்தது. அந்தத் துண்டுக்கு நிஜப் பணம் போட வேண்டும். எங்கள் கடையில் ஆகக் குறைந்த ஃபிரேம் என்ன விலையோ, அவ்வளவு.

தமிழில் இந்த விளையாட்டுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் நான் ஒருத்திதான் பெண். ரொம்ப நாள் என்னை 'ப்ரோ' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருமுறை குரல் பதிவு போட்ட பிறகு 'அக்கா' ஆனேன். கலங்கரைக்காரி வந்த அன்று குழு முழுக்க ஒரே சிரிப்பு. யூடியூபில் கார்டு விமர்சனம் செய்யும் ஆள் ஒருவர் அவளுக்கு ஐந்துக்கு ஒன்றரை போட்டிருந்தார். ஏழு சக்தி சேர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிடும், அதே ஏழுக்கு ஒரு டிராகனை இறக்கினால் கோட்டையே போய்விடும், மூன்று சக்திக்கு வலைவீசுகிறவன் என்று ஒரு மலிவான கார்டு இருக்கிறது, அவனும் ஒரு கார்டை மீட்டுத் தருகிறான், பிறகு எதற்கு இந்தக் கிழவி? எல்லோரும் அதையே திருப்பித் திருப்பி எழுதினார்கள்.

கணவரும் அதைத்தான் சொன்னார். "அந்த வெலைக்குத் தகாதுடி. நீ கடக்கரை ஊர்க்காரி, வெளக்கப் பாத்ததும் விழுந்துட்ட."

எனக்குக் கோபம் வந்தது. நான் பிறந்தது ஜெகதாப்பட்டினத்துப் பக்கம்தான். அதற்காக விளக்கு வைத்த படத்தைப் பார்த்து மயங்குகிறவள் என்று நினைத்துவிட்டாரே.

"படத்துக்காக இல்ல. நான் பாத்துட்டுத்தான் சொல்றேன்" என்றேன்.

உண்மையிலேயே பார்த்தேன். நாம் ஆடிய பழைய ஆட்டங்களை அந்த விளையாட்டு சேமித்து வைத்திருக்கும். நான் தோற்றவற்றை மட்டும் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஏழு சக்தி சேர்வதற்கு முன் நான் தோற்ற ஆட்டம் அபூர்வமாகத்தான் இருந்தது. என் சுவர் அதற்குள் விழுவதில்லை. அடி தாங்காமல் நான் தோற்கவில்லை. கையில் இறக்க ஒரு கார்டுகூட இல்லாமல் வெறுங்கையோடு நின்று தோற்றிருக்கிறேன். வலைவீசுகிறவன் ஒரே ஒரு தடவை ஒரு கார்டைத் தருவான், அவ்வளவுதான். கலங்கரைக்காரி நிற்கும்வரை தந்துகொண்டே இருப்பாள். வேறு கார்டென்றால் மூன்று பிரதி வாங்கினால்தான் பயன். இவள் ஒருத்தி போதும். பாதகமும் இருந்தது. அவளை இறக்கிய உடனே எதிராளி அவளை அழிக்கும் கார்டைப் போட்டுவிட்டால் ஏழு சக்தியும் தண்ணீரில் போட்ட மாதிரி. அதையும் எனக்கு நானே மறைக்கவில்லை. ஓநாய் வைத்து ஆடுகிறவருக்கு அவள் தகமாட்டாள். எனக்குத் தகுவாள்.

கடையில் தினமும் இதைத்தான் செய்கிறேன். "இந்த ஃபிரேமு இந்த வெலைக்குத் தகுமாங்க?" என்று கேட்காத ஆள் இல்லை. யார் போடப் போகிறார்கள், எதற்குப் போடப் போகிறார்கள் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. நாள் முழுக்க வெயிலில் வண்டி ஓட்டுகிறவருக்குத் தகுகிற கண்ணாடி, மெஷினில் தைக்கிற அம்மாவுக்குத் தண்டம். ஐந்துக்கு ஒன்றரை என்று மொத்தமாக மதிப்பெண் போட்டால் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஆனாலும் உடனே வாங்கவில்லை. அதுவரை அந்த விளையாட்டில் நான் நிஜப் பணம் போட்டதே இல்லை. அந்த எல்லையைத் தாண்டலாமா என்று யோசித்துக்கொண்டே நாட்களைக் கடத்தினேன்.

அந்தச் சமயத்தில் கந்தர்வக்கோட்டையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மாமியாரும் நானும் போயிருந்தோம். தாலி கட்டி முடிந்து பந்திக்காக உட்கார்ந்திருந்தோம். முதல் பந்தியே எழுந்திருக்கவில்லை. நான் போனை எடுத்துக் கலங்கரைக்காரியின் விலை இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். பின்னால் என் கணவருக்குச் சித்தி முறையுள்ள ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்திருக்கிறார். திரையில் கார்டுகள், பக்கத்தில் மஞ்சளாகக் குவித்து வைத்த காசுகள். வேறென்ன வேண்டும்?

"என்னாத்தா பாக்குற?" என்று கேட்டார்.

"சும்மா ஒரு கேம்மு சின்னத்தை" என்றேன்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பாயசம் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். நாங்கள் பஸ் பிடித்து அறந்தாங்கி வந்து சேர்வதற்குள் செய்தி எங்களை முந்திக்கொண்டு வந்துவிட்டது. வெளிநாட்டில் அவன் வெயிலில் சாகிறான், இங்கே இவள் ரம்மியாடிப் பணத்தை அழிக்கிறாள்.

ரம்மியில் பணத்தைத் தொலைத்து உயிரை விட்டவர்களின் செய்தியை நாங்களும் படிக்கிறோம்தான். அந்தப் பயம் பொய்யில்லை. அதனால் கேட்டால் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை. என் கணவரின் அண்ணனிடம்தான் போய்க் கேட்டிருக்கிறார்கள்.

அவர் அறந்தாங்கியிலேயே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை. நான் பிரசவத்துக்குப் போனபோது கார் எடுத்துக்கொண்டு வந்தவர். ஆனால் தம்பி ஊரில் இல்லாததால் தம்பி வீட்டுக்கும் தானே பெரியவர் என்று அவருக்கு ஒரு நினைப்பு. தம்பிக்கு லீவு நாள் என்று பார்த்து வெள்ளிக்கிழமை காலையில், நான் கடைக்குக் கிளம்பும் நேரத்தில் வந்தார். மாமியார் முன்பே எதிர்பார்த்தவர்போல நாற்காலியை இழுத்துப் போட்டார். அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது.

"உக்காருத்தா" என்றார். "ஒன்னயச் சந்தேகப்பட்டு வரல. காதுல விழுந்தத கேட்டுட்டுப் போவமேன்னு வந்தேன்."

"கேளுங்க அத்தான்."

"போன்ல சீட்டாடுறியாமே?"

"சீட்டு இல்ல அத்தான். கார்டு கேம்மு."

"கார்டுன்னா என்னா, சீட்டுன்னா என்னா? ரெண்டும் ஒண்ணுதான?"

விளையாட்டைத் திறந்து காட்டி விளக்கினேன். கோட்டை, சுவர், ஓநாய் எல்லாவற்றையும். அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுவரைக்கும் எம்புட்டுப் போச்சு?"

"ஒரு ரூவா போகல."

"வந்துச்சா?"

"வராது. வர்ற மாதிரி ஆட்டம் இல்ல இது."

"காசும் போகாம, காசும் வராம என்னத்துக்குத்தா ஆடுற?"

"நீங்க எதுக்கு அத்தான் கிரிக்கெட்டுப் பாக்குறீங்க?"

மாமியார், "ஏத்தா" என்று அதட்டினார். அத்தான் கையைக் காட்டி அவரை அமர்த்திவிட்டு, தன் போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார்.

அண்ணன் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை என் கணவர் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள் மதியம்தான் ஓநாய்க் கூட்டத்தை விட்டு என் கோட்டையை உடைத்துவிட்டு, "எப்படி?" என்று சிரித்திருந்தார். இப்போது இரண்டு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். 'நான்தான்ணே காட்டுனேன், நானும் ஆடுறேன்.' இவ்வளவு சொன்னால் போதும்.

"சரிண்ணே. நா சொல்லி வக்கிறேன். இனிமே ஆட மாட்டா" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் ஒருவேளை எழுந்து உள்ளே போயிருப்பேன்.

போனுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "ஏங்க, நான் யாருகூட ஆடுறேன்னு ஒங்கண்ணன்ட்ட சொல்லுங்க."

அவர் தொண்டையைச் செருமினார்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"இல்லண்ணே... நானும் எப்பவாச்சும் சும்மா..."

"எப்பவாச்சுமா?" என்றேன். "அத்தான், அவரு அங்கிட்டு உக்காந்து ஆடுறாரு, நான் இங்கிட்டு உக்காந்து ஆடுறேன். வேற யாருகூடயும் இம்புட்டு ஆடுனதில்ல. எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான்."

அத்தான் சொன்னார்: "அவன் ஆம்பள. வெயில்ல கெடந்து வேல பாக்குறான். கொஞ்ச நேரம் ஆடிட்டுப் போறான்."

"நானும் வேல பாத்துட்டுத்தான் அத்தான் ஆடுறேன். காலைலேருந்து நின்னுக்கிட்டே."

"பேச்ச வளக்காதத்தா. ஊரு வாய மூட முடியாது. இப்பவே என் கண்ணு முன்னாடி அத அழிச்சுரு. யாரு கேட்டாலும் இல்லன்னு நான் சொல்லிக்கிறேன்."

போனைக் கையில் எடுத்தேன். மாமியார் பெருமூச்சு விட்டார். அழிக்கப்போகிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அத்தான்கூடச் சாய்ந்து உட்கார்ந்தார். நான் சந்தையைத் திறந்தேன். தங்கத்துக்குப் பணம் கட்டினேன். கலங்கரைக்காரியை வாங்கினேன். மணியடித்த மாதிரி ஒரு சத்தத்தோடு அவள் திரை முழுக்க வந்து நின்றாள். அதை அத்தான் பக்கம் திருப்பினேன்.

"இதுவரைக்கும் ஒரு ரூவா போகலன்னு சொன்னேன்ல? இப்பப் போயிருக்கு. எஞ் சம்பளத்துலேருந்து. இந்தக் கார்டு தகுமா தகாதான்னு ரொம்ப நாளாப் பாத்துப் பாத்துத்தான் வாங்கிருக்கேன். யாருக்கும் மறைக்கல. யாரு கேட்டாலும் ஆமான்னே சொல்லுங்க."

மாமியார் கிட்டே வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "இந்தக் கெழவிக்கா காசு குடுத்த? கையில என்ன, அரிக்கேனா?"

"வெளக்கு அத்தை."

"கையில புடிச்சுக்கூடப் பாக்க முடியாதே, போனுக்குள்ளல்ல இருக்கா?"

"ஆமா. போனுக்குள்ளதான் இருக்கா."

ஸ்பீக்கரிலிருந்து என் கணவர், "எது, அந்தக் கலங்கரைக்காரியவா வாங்குன? அதான் தகாதுன்னு சொன்னேன்ல!" என்றார். தன்னை மறந்து சொல்லிவிட்டார். எப்பவாச்சும் சும்மா ஆடுகிற ஆள்.

அத்தான் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். டீ வைத்திருந்தேன், குடிக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, "ஒனக்கு வாய் ரொம்பத்தான்" என்றார். வாய் என்று ஒன்று இருந்ததால்தான் அந்தக் காலையைத் தாண்டினேன்.

மாமியார் அன்று மாலைவரை என்னோடு பேசவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "அதை வச்சுக்கிட்டா ஜெயிச்சிருவியா?" என்று கேட்டார்.

"தெரியல அத்தை."

"தெரியாமயா காசக் குடுத்த?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு பல நாள் அதையே அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ஜெயிக்கவில்லை. தொடர்ந்து தோற்றேன். குழுவில் என்னோடு ஆடுகிறவர்கள் எல்லோரும் என்னிடம் அவள் இருப்பதைத் தெரிந்துகொண்டு, அவளை அழிக்கும் கார்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஏழு சக்தி சேர்த்துப் பொறுமையாக இறக்குவேன். அடுத்த நொடி அவள் இருக்கமாட்டாள். குழுவில் "சொன்னோம்ல அக்கா" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். சந்தையிலும் அவள் விலை இறங்கிக்கொண்டே வந்தது. ஒருத்தன் இரக்கப்பட்டு, "இப்பவே வித்துருங்க அக்கா, பாதியாச்சும் மிஞ்சும்" என்றான். விற்க மாட்டேன் என்றேன். பிடிவாதம் என்றான். பிடிவாதமும் கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் போட்ட கணக்கில் தப்பு இருப்பதாக இன்னும் எனக்குத் தோன்றவில்லை. அவளைத் தனியாக இறக்கியதுதான் தப்பு.

என் கார்டுக் கட்டை மாற்றி அமைத்தேன். கலங்கரைக்காரிக்கு முன்னால் பார்ப்பதற்குப் பயங்கரமான ஒரு யானையை இறக்கினேன். யானையைக் கண்டு பயந்து எதிராளி தன் அழிக்கும் கார்டை அதன்மேல் போட்டுவிடுவான். அதற்கப்புறம் இவள் வருவாள். தொடுவதற்கு ஆளிருக்காது. அவள் நிற்க நிற்க, செத்த யானையும் கைக்குத் திரும்பி வரும். அப்படி முதல்முறை ஜெயித்தபோது கடையில் ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடி துடைத்துக் கொடுத்துக்கொண்டே சிரித்திருக்கிறேன். "என்னங்க, எனக்கு நல்லால்லையா?" என்று அவர் பதறிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கணவர் கொஞ்ச நாள் பேசவில்லை. மகளிடமும் அம்மாவிடமும் பேசிவிட்டு வைத்துவிடுவார். நானாகக் கூப்பிடுவதில்லை என்று இருந்தேன். ஒரு மதியம் போனில் அவரிடமிருந்து ஆட்டத்துக்கு அழைப்பு வந்தது. சொல் ஒன்றும் இல்லை, வெறும் அழைப்பு. ஏற்றுக்கொண்டேன். ஓநாய்கள் வந்தன. சுவர் நின்றது. யானை விழுந்தது. கலங்கரைக்காரி வந்தாள். அவர் கையில் கார்டு தீர்ந்தது, என் கையில் தீரவில்லை. கோட்டை உடைந்த சத்தம் கேட்ட உடனே போன் அடித்தது.

"இந்தக் கெழவிக்கு ஒரு நாள் இருக்கு" என்றார்.

"அது இருக்கட்டும். இனிமே ஆட மாட்டான்னு ஒங்கண்ணன்ட்ட எதுக்குச் சொன்னீங்க?"

"பேச்ச முடிக்கத்தான். இல்லன்னா அண்ணன் இழுத்துக்கிட்டே போயிருக்கும்."

"என்னயக் கேக்காம என் தலையில வச்சு முடிச்சீங்க."

"தப்புதான்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் இறங்கி வந்துவிடவில்லை. "அத என்கிட்ட சொல்லி என்ன?" என்று வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள், சீசன் முடிகிறது என்று அந்த விளையாட்டை நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கார்டு இலவசமாகக் கொடுத்தார்கள். கலங்கரைக்காரி. குழுவில் அன்றைக்குத் திருவிழா. "அக்கா, காசு போச்சே!" "பொறுத்திருந்தா ஓசில கெடச்சிருக்குமே!" கணவரும் அதையே சொன்னார். மாமியாருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும் என்பதால் அவரிடம் நானே முதலில் சொல்லிவிட்டேன். அவர் எதிர்பார்த்தபடியே தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கு வலித்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் என் கணக்கு தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுப்பார்கள் என்பதற்காக இன்றைக்குக் கண் தெரியாமல் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. அத்தனை மாதம் அவள் என் கார்டுக் கட்டுக்குள் இருந்தாள். அவளை எப்படி இறக்குவது, எதற்குப் பின்னால் நிறுத்துவது, எப்போது கையிலேயே வைத்துக்கொண்டிருப்பது என்று அவளோடு தோற்றுத் தோற்றுத்தான் கற்றுக்கொண்டேன். இலவசமாக வாங்கியவர்கள் எல்லோரும் அவளைத் தனியாக இறக்கி மறுநொடியே இழந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தனிச்செய்தியில் வந்தார்கள். "அக்கா, யானையை எப்ப இறக்கணும்?" சொல்லிக் கொடுத்தேன். ஐந்துக்கு ஒன்றரை போட்டவர் மட்டும் தன் மதிப்பெண்ணை மாற்றவே இல்லை. அவர் இஷ்டம்.

அந்த வருஷம் கணவர் லீவில் வந்தார். வந்த புதிதில் இரண்டு பேருக்குமே ஒரு கூச்சம். கடல் தாண்டி இருந்தபோது கோட்டையை உடைத்துவிட்டுக் கத்துவோம். இப்போது ஒரே கூடத்தில், ஒரே ஃபேனுக்குக் கீழே, எதிரெதிரே போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் சிரிப்புத்தான் வந்தது. அவர் ஒரு கார்டை இறக்குவதற்கு முன் கன்னத்தை உள்ளே உறிஞ்சுவார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதை வைத்து இரண்டு ஆட்டம் ஜெயித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்படி ஆடிக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் சத்தம். அத்தான். தம்பியைப் பார்க்க, கையில் மீன் பையோடு வந்திருந்தார். சத்தம் கேட்டதும் என் கணவர் போனைத் தொடைமேல் கவிழ்த்துவிட்டார். யோசித்துச் செய்ததில்லை, கை தானாகச் செய்தது. நான் பார்த்தேன். என் போன் என் கையிலேயே இருந்தது. அத்தானுக்கு, "வாங்க அத்தான்" என்றேன். கணவரிடம், "ஒங்க மொறை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். மாமியார் அடுப்படி வாசலில் வந்து நின்றார். இன்றைக்கும் அவர் 'சும்மா' என்று ஆரம்பித்தால், இனி அவரோடு நான் ஆடுவதில்லை என்று அந்த நிமிஷத்தில் முடிவெடுத்திருந்தேன். வேறு ஆட்களோடு ஆடுவேன். நிறுத்தமாட்டேன்.

அவர் போனை நிமிர்த்தினார். "உக்காருண்ணே. இந்த ஆட்டம் முடியட்டும், வாரேன்" என்றார். குரல் கொஞ்சம் பிசிறியது. ஆனால் சொல்லிவிட்டார்.

அத்தான் மீன் பையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலைப் பார்த்தார், டிவி பக்கம் பார்த்தார். கடைசியில், "யாரு ஜெயிக்கிறா?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியலண்ணே" என்று சொல்லிக்கொண்டே என் கணவர் கன்னத்தை உறிஞ்சினார். நான் உஷாராவதற்குள் அவர் களத்தில் ஒரு பெண் விளக்கோடு வந்து நின்றாள். இலவசத்தில் வாங்கிய கலங்கரைக்காரி. என் அழிக்கும் கார்டை அதற்கு முந்தின முறைதான் அவருடைய பெரிய ஓநாய்மேல் வீணடித்திருந்தேன்.

"தகாதுன்னீங்க?" என்றேன்.

"ஒனக்குத் தகாதுன்னுதான் சொன்னேன்" என்றார், வெட்கமே இல்லாமல்.

அந்த ஆட்டம் போய்விட்டது. அத்தான் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு மீனுக்கு மசாலா தூக்கலாக இருக்கட்டும் என்று மாமியாரிடம் சொல்லப் போனார். உறவில் பேச்சு ஒன்றும் நிற்கவில்லை. இப்போது என் கணவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அவர் திரும்பவும் கத்தார் போய்விட்டார். சந்தைக்கு இந்த வாரம் புதிதாக ஒரு கார்டு வந்திருக்கிறது. இரண்டே சக்திக்கு ஒரு சிறுத்தை. குழு முழுக்க அதற்குப் பின்னால் ஓடுகிறது; விமர்சகர் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டார். நான் தகாது என்கிறேன். முதல் மூன்று முறைக்குள் கடித்தால் கடித்ததுதான், சுவர் எழும்பிவிட்டால் அது வெறும் பூனை. மூன்று பிரதி வேறு வாங்க வேண்டும். கணவர் வாங்கியே தீருவேன் என்று நிற்கிறார். அவர் சம்பளம், அவர் பாடு. நாளை மதியம் அதை எடுத்துக்கொண்டு வரட்டும். நான் சுவரை இன்னும் கொஞ்சம் உயர்த்தி வைத்திருக்கிறேன்.